மிளகுன்னு ஒரு மட்டக்குதிரை

எங்க வீட்டுல குதிரை இருக்குன்னு ஆபீஸ்ல சொன்னா உடனே ரெண்டு கேள்வி வரும். ஒண்ணு, "ரேஸ் குதிரையா?" ரெண்டாவது, "ஏறி ஓட்டுவீங்களா?" ரெண்டுக்கும் இல்லைன்னுதான் பதில். நம்மகிட்ட இருக்கறது மட்டக்குதிரை. குதிரையோட உயரத்தைத் தலையோட சேர்த்து அளக்க மாட்டாங்க. பிடரிமயிர் முடியற இடத்துல முதுகு மேடா இருக்குமே, அங்கிருந்து தரை வரைக்கும்தான் கணக்கு. அது 58 அங்குலத்துக்குள்ள இருந்தா மட்டக்குதிரை. எங்க வெள்ளைச்சி 48 அங்குலம். என் நெஞ்சு வரைக்கும்தான் வருவா.

வெள்ளைச்சியை 2019 ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில வாங்கினோம். ஈரோடு பக்கம் இருக்கறவங்களுக்கு அந்தச் சந்தையைப் பத்தித் தனியா சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு ஒரு வரி: மாடு, ஆடு, குதிரைன்னு எல்லாம் வந்து குவியும், குதிரை பாக்கறதுக்குன்னே குடும்பம் குடும்பமா ஜனம் வரும். அப்பாருக்கு (அப்பாவோட அப்பாவை எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) ரொம்ப நாளா ஆசை. வயசுக் காலத்துல கோபியில குதிரை வண்டி ஓட்டினவரு. "சாகறதுக்குள்ள ஒரு குதிரைய வாசல்ல கட்டிப் பாக்கோணும்"னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வித்தவரு, "மூணு மாச சினைங்க"ன்னு சொல்லித்தான் குடுத்தாரு. குதிரைக்கு சினைக்காலம் கிட்டத்தட்ட பதினோரு மாசம். ஆக, குட்டி 2020 ஏப்ரல்ல வரணும். அந்த ஏப்ரல் எப்படிப்பட்ட ஏப்ரல்னு உங்களுக்கே தெரியும்!

ஊரடங்குல கோவையிலிருந்து வீட்டுக்கு வந்துட்டேன். கொட்டகைக்குப் பக்கத்துத் திண்ணையில லேப்டாப்பை வச்சுக்கிட்டு வேலை. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி வாக்குல வெள்ளைச்சி குட்டி போட்டா. நல்ல கருகருன்னு இருந்துச்சு. அம்மாதான் மிளகுன்னு பேர் வச்சாங்க.

குதிரைக்குட்டி விஷயத்துல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒரு கணக்கு உண்டு. ஒரு மணி நேரத்துல குட்டி எழுந்து நிக்கணும். ரெண்டு மணிக்குள்ள பால் குடிக்கணும். மூணு மணிக்குள்ள தாய்க்கு நஞ்சுக்கொடி விழுந்துடணும். வெள்ளைச்சிக்குக் கொடி சரியா விழுந்துடுச்சு. மிளகு எழுந்திரிக்கல. முன்னங்கால் ரெண்டையும் நீட்டி ஊன்றுவான், பின்பக்கம் சரிஞ்சிடும். நாங்க ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடிச்சும் நிக்கல. விடியறப்போதான் நின்னான். அப்பவும் மடி எங்கன்னு தெரியாம கொட்டகைச் சுவத்தைச் சப்பிக்கிட்டு இருந்தான்.

இதுல என்ன ஆபத்துன்னு டாக்டர் போன்லயே சொன்னாரு. மனுஷக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியில ஒரு பங்கு கர்ப்பத்துலயே அம்மாகிட்டேர்ந்து வந்துடும். குதிரையோட நஞ்சுக்கொடி வழியா அது குட்டிக்கு வரவே வராது. எல்லாம் சீம்பால்லதான் வரணும். அந்தச் சத்தைக் குடல் அப்படியே உள்ள இழுத்துக்கறதும் முதல் ஒரு நாள்தான். அதுலயும் நேரம் ஆக ஆகக் குறைஞ்சுக்கிட்டே வரும். அப்புறம் வாளி வாளியா சீம்பால் குடிச்சாலும் வெறும் பால்தான். நாங்க வெள்ளைச்சியைக் கறந்து, ஆட்டுக்குட்டிக்குக் கொடுக்கற பாட்டில்ல ஊத்திக் கொடுத்தோம். ஆனா அவகிட்டயே பால் கம்மி. மடி இறங்கவே இல்ல.

பாட்டில் பால் கொடுக்கறதுலயும் சூட்சுமம் இருக்கு. குட்டியைப் படுக்கவச்சோ, தலையை அண்ணாந்து பிடிச்சோ கொடுக்கக் கூடாது. பால் நுரையீரலுக்குள்ள போயிடும். தாய் மடியில எப்படிக் கழுத்தை நீட்டிக் குடிக்குமோ அந்த உயரத்துல பாட்டில் இருக்கணும். அடுத்தது, என்ன பால்? குதிரைப்பால்ல பசும்பாலை விடக் கொழுப்பு கம்மி, இனிப்பு அதிகம். அதனால ஆடை எடுத்த பசும்பால்ல டாக்டர் சொன்ன அளவு குளுக்கோஸ் கலந்து கொடுத்தோம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா, "குளுக்கோஸ் என்னத்துக்குங் கண்ணு, நாட்டுச் சர்க்கரை போடு"ன்னு ஒரு பொட்டலமே கொண்டுவந்து தந்தாங்க. பொறந்த குதிரைக்குட்டிக்கு கரும்புச் சர்க்கரையை உடைச்சு ஜீரணிக்கற சக்தி ரொம்பக் குறைவு, பேதிதான் ஆகும். அந்தப் பொட்டலம் எங்க காப்பிக்கு ஆச்சு :-)

ஆறாவது நாள் காலையில இடது பின்னங்கால் முழங்கால் வீங்கி இருந்துச்சு. தொட்டா சூடு. காலைத் தூக்கியே வச்சிருந்தான். ஜுரம் 104. (குட்டிக்கு 99-லேர்ந்து 102 வரைக்கும் இருக்கலாம்.) தொப்புள் வழியாவோ குடல் வழியாவோ கிருமி ரத்தத்துல கலந்து மூட்டுல போய் உக்காந்துக்கும். பொறந்தவுடனே தொப்புளுக்கு அயோடின் வச்சிருந்தோம். சீம்பால் பத்தாத குட்டிக்கு அது மட்டும் போதல.

டாக்டர் வழியில நாலு இடத்துல போலீஸ்கிட்ட அடையாள அட்டையைக் காட்டிட்டு வந்து சேர்ந்தாரு. மயக்க ஊசி போட்டு, மூட்டுல ஊசி குத்தி, உள்ள இருந்த கலங்கலை உப்புத் தண்ணி விட்டுக் கழுவினாரு. நாலு நாள் கழிச்சு இன்னொரு தடவை. ஆன்டிபயாடிக் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, 21 நாள். மொத்தம் 42 ஊசி. வலி மருந்தை மட்டும் ரொம்ப யோசிச்சு யோசிச்சுதான் கொடுத்தாரு. குட்டிகளுக்கு அது வயித்துல புண்ணாக்கிடுமாம்.

அந்த வாரம்தான் ஒரு தரகர் வந்தாரு. எங்கிருந்துதான் மோப்பம் பிடிப்பாங்களோ! குட்டியைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "ஏனுங்க, கண்ணுக்குக் கீழ சுழி இருக்குது பாத்தீங்களா? வீட்டை அழ வைக்குமுங்க. காலும் போச்சு. இதுக்குப் போயி காசைக் கொட்டாதீங்க, போறது போகட்டும். தாயை மட்டும் நல்ல வெலைக்கு நான் தள்ளி உடறேன்"னாரு. குதிரை வாங்கறதுல சுழி பாக்கறது இன்னைக்கும் பெரிய சமாச்சாரம். நல்லாத் திடமா இருக்கற குதிரை ஒரு மயிர்ச்சுழிக்காகப் பாதி விலைக்குப் போறதை நானே சந்தையில பாத்திருக்கேன். எனக்கு அதுல துளியும் நம்பிக்கை கிடையாது. அப்பாருக்கு உண்டு. அவரு ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம், "அழறதுன்னா அழுதுட்டுப் போறோம். நீ கெளம்பு"ன்னுட்டாரு. சுழியை நம்பிக்கிட்டே இப்படிச் சொன்னாரு பாருங்க, நம்பாத நான் சொல்லியிருந்தா அதுல ஒண்ணும் பெருசா இல்லை.

மூணாவது வாரம் வீக்கம் வடிஞ்சுது. நாலு காலையும் ஊன்றி நடந்தான். நடுவுல ஒரு நாள் தாயோட சாணியைத் தின்னுக்கிட்டு இருந்ததைப் பாத்து அம்மா அலறிட்டாங்க. அது எல்லாக் குதிரைக்குட்டியும் செய்யறதுதான். புல்லைச் செரிக்கறதுக்கு வேண்டிய நுண்ணுயிர் அப்படித்தான் அதோட குடலுக்குப் போகுது. டாக்டர் போன்ல சிரிச்சதும்தான் அம்மாவுக்கு நிம்மதி.

உயிர் தப்பிச்சாச்சு. ஆனா கதையில எனக்கு முக்கியமான பாதி இனிமேதான்.

நோயாளிக் குட்டி மனுஷங்க கையைப் பத்தி ரெண்டு பாடம் கத்துக்கிட்டு வளருது. முதல் பாடம், கை வந்தா குத்தும். 42 ஊசிக்கப்புறம் கழுத்துப் பக்கம் விரல் போனாலே மிளகுக்கு உடம்பெல்லாம் விறைச்சுக்கும். ரெண்டாவது பாடம், கைதான் பால். மத்தக் குட்டிங்க தாயைச் சுத்தி ஓடி ஆடி, தாய்கிட்ட உதை வாங்கி, எங்க முட்டலாம் எங்க முட்டக்கூடாதுன்னு கத்துக்கும். இவன் பொழுதுக்கும் எங்க மடியில கிடந்தவன். எங்களையும் குதிரைன்னே நினைச்சுட்டான். இந்த ரெண்டும் ஒரே குட்டிக்குள்ள. ஒரு நிமிஷம் பயந்து ஓடுவான், அடுத்த நிமிஷம் மேல விழுவான்.

அஞ்சாம் மாசம் அக்கா பொண்ணு வந்திருந்தா. ஏழு வயசு. விளையாட்டா அவ தோள் மேல முன்னங்கால் ரெண்டையும் தூக்கிப் போட்டான். குட்டிங்க தங்களுக்குள்ள விளையாடறது அப்படித்தான். கீழ விழுந்தவளுக்கு முழங்கை பெயர்ந்துடுச்சு. மிளகு அப்போ எழுபது கிலோ இருப்பான். வளர்ந்தா இருநூத்தி இருபது. அன்னைக்கு ராத்திரி வீட்டுல பெரிய பேச்சு. அக்கா, "குடுத்துடுங்க"ன்னுட்டா. அம்மாவுக்கும் அதே நினைப்புத்தான். மனுஷங்க மேல ஏறுற குதிரையை வாங்கறவன் என்ன செய்வான்னு எல்லாருக்கும் தெரியும். நல்லா அடிப்பான். அடிக்கும் அடங்கலைன்னா கைமாறிக் கைமாறி எங்கியோ போயிடும்.

ஆறு மாசம் டைம் கேட்டேன்.

அப்பாருக்குத் தெரிஞ்ச வழி வேற. அவரு காலத்துல புதுக் குதிரையைக் கம்பத்துல இறுக்கிக் கட்டி, துள்ளித் துள்ளி ஓயற வரைக்கும் விட்டு, முள்ளுக் கடிவாளம் போட்டு, பத்து நாள்ல வண்டியில பூட்டிடுவாங்க. அதைக் கொடுமைன்னு சொல்லிட்டுப் போறது எனக்குச் சுலபம். பதினோராம் நாள் வண்டி ஓடலைன்னா வீட்டுல அடுப்பு எரியாதுங்கற நிலைமை எனக்கு இல்லையே. எனக்கு மாசச் சம்பளம் வருது, ஆறு மாசம் காத்திருக்கலாம். ஆனா குட்டிக் குதிரையை இறுக்கிக் கட்டி இழுக்க விட்டா கழுத்தெலும்புல அடிபடும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. அப்பாரும் ஒத்துக்கிட்டாரு.

மென்மையாப் பழக்கறதுன்னா தடவிக் கொடுத்துக்கிட்டே இருக்கறதுன்னு பலபேர் நினைக்கறாங்க. மிளகுக்குத் தடவல் ஏற்கனவே ஓவர்டோஸ். அவனுக்கு வேண்டியிருந்தது சரியான நேரத்துல கையை எடுக்கறது. எப்படின்னா, தோள் மேல கை வைப்பேன். விறைப்பான். கையை எடுக்க மாட்டேன், அழுத்தவும் மாட்டேன். அவன் ஒரு மூச்சு விட்டு, காதைத் தளர்த்தினா அந்தக் கணமே கையை எடுத்துட்டு ரெண்டடி தள்ளிப் போயிடுவேன். அவ்வளவுதான் பாடம். அசையாம இருந்தா தொல்லை தானா விலகும்னு அவனுக்குப் புரியணும். அவன் துள்ளும்போது கையை எடுத்தா, துள்ளினா விலகும்னு கத்துக்குவான். ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் ஒரு வினாடிதான்.

தோள்லேர்ந்து கழுத்துக்கு வர்றதுக்கு பதினேழு நாள் ஆச்சு. ஒரு நாளைக்குக் காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். குட்டிக்கு அதுக்கு மேல கவனம் நிக்காது.

சொறியறதுக்கும் ஒரு இடம் இருக்கு. பிடரிமயிர் முடியற அந்த மேடு. குதிரைங்க ஒண்ணுக்கொண்ணு பல்லால சொறிஞ்சுக்கறது பெரும்பாலும் அங்கதான். 1993-ல பிரான்ஸ்ல கமார்க் குதிரைகளை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க. அந்த இடத்துல சொறிஞ்சா குதிரையோட இதயத் துடிப்பு குறையுது, வேற இடத்துல சொறிஞ்சா குறையல. நம்ம ஆளுங்க குதிரையைப் பாத்தவுடனே மூஞ்சியில தட்டுவாங்களே, அது அதுக்குப் பிடிக்கவே பிடிக்காது. யாராவது நம்ம மூஞ்சியில தட்டினா நமக்குப் பிடிக்குமா?

மேல விழற பழக்கத்துக்கு வேற வழி. கையால தீனி கொடுக்கறதை மொத்தமா நிறுத்தியாச்சு. எல்லாம் வாளியில. என்னைச் சுத்தி ஒரு கை தூரம் என் இடம். அதுக்குள்ள முட்டிக்கிட்டு வந்தா, கையில இருக்கற கயித்தோட நுனியை ரெண்டு பேருக்கும் நடுவுல சும்மா ஆட்டுவேன். அவன் மேல படாது. ஒரு அடி பின்னாடி போனா ஆட்டறதை நிறுத்தி, நானே போய் மேட்டுல சொறிவேன். அதாவது, தள்ளி நின்னாத்தான் சொறிவு கிடைக்கும். இதை வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி செய்யணும். அதுதான் கஷ்டம். அம்மா யாருக்கும் தெரியாம முந்தானைக்குள்ள வெல்லம் கொண்டுபோய்க் கொடுப்பாங்க. குதிரைக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி. ஒரு வெல்லத்துக்கு நாலு நாள் பாடம் பின்னால போயிடும். கடைசியில அம்மாவையே வாளிக்கு இன்சார்ஜ் ஆக்கிட்டோம். வெல்லமும் வாளிக்கு மாறிடுச்சு, பிரச்சனை தீர்ந்துச்சு :-)

நடத்திக் கூட்டிப் போகறதுக்குத் தலையில கயிறு, பின்பக்கமா ஒரு மெத்துன்னு கயிறு. முன்னாடி இழுத்தா குதிரை பின்னாடிதான் சாயும். பின்கயித்தை லேசா இழுக்க, ஒரு எட்டு வச்சா உடனே தளர்த்தணும். முதல் நாள் மூணு எட்டு. பத்தாவது நாள் கிணத்து மேடு வரைக்கும். ஆறு மாசத்துல தாய்ப்பாலை மறந்தான். ஏழாம் மாசம் ஊர் ரோட்டுல டிராக்டரையும் தாண்டி நடந்தான்.

கெட்ட கால்தான் கடைசி வரைக்கும் தகராறு. மூணு காலையும் தூக்கிக் கொடுப்பான், இடது பின்னங்கால் பக்கம் போனா உதை. குளம்பு வெட்டறதுக்கு ஆறு வாரத்துக்கொரு தடவை நாலு காலும் வேணும், விட்டா குளம்பு கோணலா வளர்ந்து மூட்டுல இன்னும் பாரம் ஏறும். இங்க அப்பாருதான் கை கொடுத்தாரு. என் பாடத்தைத் திண்ணையில உக்காந்து மாசக் கணக்கா பாத்துக்கிட்டு இருந்தவரு, ஒரு நாள் எழுந்து வந்தாரு. "நீ காலைத் தூக்கறே சாமி. அவன் தூக்கோணும். அவனுக்குத் தோணற வரைக்கும் நில்லு"ன்னுட்டு, தோள்ல கிடந்த துண்டை எடுத்து அவன் கால்ல சும்மா உரசற மாதிரி வச்சுக்கிட்டு நின்னாரு. எண்பது வயசு மனுஷன், முக்கால் மணி நேரம். மிளகு குளம்பை ரெண்டு அங்குலம் தூக்கினான். துண்டை எடுத்துட்டு ஒண்ணும் பேசாமத் திண்ணைக்குப் போயிட்டாரு. கிரேக்கத்துல செனோபோன்னு ஒருத்தர் 2,300 வருஷத்துக்கு முன்னாடியே குதிரைகிட்ட கோவத்தோட போகாதேன்னு புஸ்தகம் எழுதி வச்சிருக்காரு. அப்பாரு அதெல்லாம் படிச்சவரில்லை.

ஒன்றரை வயசுல காயடிச்சாச்சு. மூணு வயசுல, 2023-ல, ரேக்ளாவுக்கு வேணும்னு ஒருத்தர் கேட்டு வந்தாரு. சொன்ன தொகை பெருசு, நான் அதைச் சொல்ல மாட்டேன், அம்மா கண் அகல விரிஞ்சுது. குதிரையை மினி லாரியில ஏத்தி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். தானா ஏறினான், யாரும் தள்ளல. மூட்டு ஓரத்துல எலும்பு கொஞ்சம் தடிச்சிருக்கு, லேசான வேலைன்னா தாங்கும், ரேஸ் ஓட்டினா அஞ்சு வருஷத்துல நொண்டிடுவான்னு சொன்னாங்க. வாங்க வந்தவர்கிட்ட அந்தப் படத்தையே காட்டினேன். நல்ல மனுஷன், காப்பி குடிச்சுட்டுப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் அவசரமே படல. நீளக் கயிறு ரெண்டு கட்டிப் பின்னால நடந்து பழக்கினது ஒரு வருஷம். அப்புறம் சைக்கிள் டயரை இழுக்க விட்டோம், பின்னால ஏதோ துரத்திக்கிட்டே வருதுங்கற பயம் போகணுமே. 2024-ல, நாலு வயசு முடிஞ்சப்புறம்தான் வண்டி. முள்ளு இல்லாத கடிவாளம், காத்தடிச்ச டயர் போட்ட சின்ன வண்டி, ஒரு கட்டு சோளத்தட்டு. வாரத்துல மூணு நாள், தோட்டத்துலேர்ந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். லகானைப் பிடிக்கறது அப்பாரு. அக்கா பொண்ணு பக்கத்துல உக்காந்துக்கறா. அவ கையில இப்போ ஒரு குறையும் இல்லை. மழை நாள்ல மிளகு முதல் நூறு அடி நொண்டுவான், அன்னைக்கு வண்டி கிடையாது.

பேர் மட்டும் இப்போ பொருந்தல. வெள்ளைக் குதிரைங்க பெரும்பாலும் கறுப்பாவோ செவலையாவோ பொறந்து வருஷா வருஷம் வெளுக்கும். மிளகும் தாயைப் போல வெளுத்துக்கிட்டு வர்றான். இப்போதைக்கு மிளகும் உப்பும் கலந்த மாதிரி இருக்கான்.

அப்புறம் ஊசி. கழுத்தைத் தொட விட்டதுக்கப்புறம் ஒரு வேலை செஞ்சிருந்தேன். ஊசியில்லாத வெறும் சிரிஞ்சுல குளுக்கோஸ் தண்ணி எடுத்துத் தினம் வாயோரமா விட்டுக்கிட்டு இருந்தேன். வாசலுக்கு டாக்டர் வந்தாலே ஓடி ஒளிஞ்சவன், இப்போ பூச்சி மருந்து பேஸ்ட் கொடுக்க சிரிஞ்சை எடுத்தா உதட்டை நீட்டிக்கிட்டு முன்னாடி வந்து நிக்கறான். தடுப்பூசி போடற அன்னைக்கும் முதல்ல வாய்க்கு ஒரு சிரிஞ்சு, அப்புறம்தான் கழுத்துக்கு. வெள்ளைச்சிக்கு இந்தப் படிப்பெல்லாம் கிடையாது. சிரிஞ்சைப் பாத்தவுடனே தோட்டத்தோட அந்தக் கடைசிக்குப் போயிடுவா, பிடிக்க மூணு ஆள் வேணும்.